ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு ரூம்

அந்தமானுக்குப் போகிறோம் என்றால் மண்ணூரில் எந்தப் பெண்ணும் புதுச் சுடிதார் எடுக்கலாமா, கூலிங் கிளாஸ் வாங்கலாமா என்றுதான் முதலில் யோசிப்பாள். சசிரேகா அங்கே ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று தேடினாள். போனில் மேப்பைத் திறந்து, கடலுக்கு நடுவில், தங்கப்போவதாகப் பேச்சிருந்த சின்னத் தீவை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள். குடில்கள் இருந்தன. மீன் வறுத்துத் தரும் ஓட்டல்கள் இருந்தன. ஆஸ்பத்திரி என்று ஒன்றே ஒன்று, அதுவும் தீவின் அந்தக் கோடியில். பெரிய வைத்தியம் என்றால் கப்பல் ஏறித்தான் போகவேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் அதன் கீழே எழுதி வைத்திருந்தார்.

பயப்படக் காரணம் இருந்தது. அதை வெளியே சொல்லத்தான் வழியில்லை.

அவள் புருஷன் திருமலை ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். கார் கதவுக்கான தகரங்களைப் பிரஸ் மிஷினில் வைத்து அழுத்தி வளைக்கிற வேலை. அந்த மாதிரி மிஷின் இருக்கிற இடத்தில் விரல் போவது, கை போவது எல்லாம் நடக்கிற சங்கதிதான். ஆனால் திருமலையின் லைனில் வருஷம் முழுக்க ஒருத்தனுக்கும் நகக்கண்ணில்கூட அடிபடவில்லை. மேனேஜ்மென்டுக்கு ஏக சந்தோஷம். லைனில் இருக்கிற அத்தனை பேரையும் பெண்டாட்டியோடு அந்தமானுக்கு அனுப்புகிறோம் என்று மாலை போட்டுச் சொல்லிவிட்டார்கள்.

எங்கே தங்குவது என்பதைத் தொழிலாளர்களே முடிவு செய்யலாமாம். சூப்பர்வைசர் சண்முகசுந்தரம் வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு படம் போட்டார். ஒன்று, போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போகிற ஒரு சின்னத் தீவில் கடலை ஒட்டி வரிசையாக ஓலைக் குடில்கள். கதவைத் திறந்தால் அலை வந்து காலைத் தொடும். இன்னொன்று, போர்ட் பிளேர் டவுனுக்குள் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு நாலு மாடி ஓட்டல். எது வேண்டும், ஓட்டுப் போடுங்கள் என்றார். எல்லோரும் குடிலுக்குப் போட்டார்கள். ஓட்டலுக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்தது. அது திருமலையின் போனிலிருந்து விழுந்தது. அவன் குளிக்கப் போன நேரத்தில் சசிரேகா போட்டது.

யார் எதற்குப் போட்டார்கள் என்று பேரோடு காட்டும் என்பது அவளுக்குத் தெரியாது. அப்புறம் கேட்கவேண்டுமா? காலில் மண் ஒட்டினால் திருமலைக்கு ஆகாதா, மார்க்கெட்டில் கத்திரிக்காய் வாங்கவா அந்தமான் வருகிறான் என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளிவிட்டார்கள். திருமலை தலையைத் துவட்டிக்கொண்டே போனைப் பார்த்தான்.

"இன்னாடி பண்ணி வெச்சிகீற? பசங்க என்னைப் போட்டுக் கிழிக்கிறானுங்க."

"ஓட்டல்தான் மாமா நல்லாகீது. பக்கத்துலயே பெரியாஸ்பத்திரி கீது."

"நம்ப டூருக்குப் போறமா, இல்ல பிரசவத்துக்குப் போறமா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, செகண்ட் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்கப் போய்விட்டான். போகும்போது போனை அவளிடமே கொடுத்துவிட்டு, "குடிலுன்னு மாத்திப் போட்டுடு. அதெல்லாம் ஒண்ணும் ஆவாது," என்று மட்டும் சொன்னான்.

ஒன்றும் ஆகாதாம்! இரண்டு வருஷத்துக்கு முன்னால், நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவன் பாயிலேயே வெட்டி வெட்டி இழுத்தானே, அன்றைக்கும் அதற்கு முந்தின நிமிஷம்வரை ஒன்றும் ஆகாமல்தான் இருந்தது. கண் மேலே செருகி, வாயில் நுரை தள்ளி, வலது கால் பக்கத்திலிருந்த இரும்பு பீரோவை உதை உதை என்று உதைத்தது. பீரோக் கதவு இன்னமும் உள்வாங்கித்தான் இருக்கிறது. சசிரேகா கையில் கிடைத்த சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் திணித்துப் பிடித்துக்கொண்டு, கத்தவும் முடியாமல், கத்தினால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று அழுதாள். எழுந்து உட்கார்ந்தவனுக்கு ஒன்றுமே நினைவில்லை. "இன்னா, ஏன் அழுவுற?" என்று கேட்டான்.

அதற்கப்புறம் மூன்று தடவை வந்தது. மூன்றும் வீட்டில்தான், தூக்கத்தில்தான். கம்பெனியில் வராது, படுத்தால்தான் வரும் என்று புருஷனும் பெண்டாட்டியும் தங்களுக்குள்ளேயே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார்கள். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஈ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறது, அதைக் காட்டினால் வைத்தியம் சும்மா நடக்கும். ஆனால் அங்கே போனால் எப்படியாவது கம்பெனி காதுக்குப் போய்விடும் என்று பயம். ஏழு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்து, போன பொங்கலுக்குத்தான் பர்மனென்ட் ஆகியிருக்கிறான். வலிப்பு என்று தெரிந்தால் மிஷின் பக்கம் விடுவார்களா? வாட்ச்மேன் வேலைகூடக் கொடுக்கமாட்டார்கள் என்றான் திருமலை. அதனால் காஞ்சிபுரத்தில் ஒரு பிரைவேட் டாக்டரிடம் போனார்கள். என்ன வேலை பார்க்கிறார் என்று அவர் கேட்டபோது திருமலை வாயைத் திறப்பதற்குள் சசிரேகா முந்திக்கொண்டாள். "ஆபீஸ் வேலைதாங்க சார். உக்காந்துகினே பாக்குற வேலை."

அந்தப் பொய்யைச் சொன்னவள் அவள்தான். புருஷன் சொல்லச் சொல்லவில்லை. அது அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

இன்றைக்கு அவன் பஸ் ஏறியதும் அந்த டாக்டருக்கே போன் போட்டாள். டூர் போகலாமா என்று கேட்டாள். அவர் போகலாம் என்றார். ஆனால் கடலில் இறங்கவே கூடாது. முழங்கால் தண்ணீர்கூட வேண்டாம். பாத்ரூம் கதவை உள்ளே தாழ் போடக்கூடாது. தூக்கம் கெடக்கூடாது. ராத்திரி மாத்திரையை மறந்தால் தொலைந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக ரூம் எடுங்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு, "மத்தபடி பயப்படாதீங்கம்மா. மிஷின், நெருப்பு, உயரம்னு வேலை பாக்குறவங்களுக்குத்தான் பெரிய ஆபத்து. இவருக்கு ஆபீஸ் வேலைதானே," என்றார்.

"ஆமாங்க சார்," என்றாள்.

அவன் வேலையைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் சொன்னதுதான். ஓரமாக நின்றுகொண்டு பட்டன் அமுக்குவேன், தகரம் வரும், போகும், அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தான். மயங்கி விழுந்தால்கூடத் தரையில்தான் விழுவான் என்று அவளும் மனசைத் தேற்றி வைத்திருந்தாள்.

சாயங்காலம் வாசலில் ஸ்கூட்டி சத்தம் கேட்டது. முத்துச்செல்வி வந்திருந்தாள். திருமலையோடு அதே மிஷினில் வேலை பார்க்கும் இசக்கியின் பெண்டாட்டி. திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி ஆறு மாசம்தான். வல்லக்கோட்டையில் ஒரு வாடகை போர்ஷனில் இருக்கிறார்கள். வாய் ஓயாத பெண். உள்ளே வந்து உட்காருவதற்குள் போனை நீட்டிவிட்டாள்.

"எக்கா, குடிலைப் பாருங்களேன், எவ்வளவு சோக்கா இருக்கு! உள்ள ரெண்டு ரூமு, வெளிய ஒரே வராந்தா. ரெண்டு ஜோடிக்கு ஒரு குடிலாம். நாங்க உங்ககூடத்தான் தங்கப்போறோம், இப்பவே சொல்லிட்டேன். நீங்க என்னன்னா ஓட்டலுக்குப் போட்டிருக்கிய?"

ஒரே குடிலில் ரெண்டு ஜோடியா! சசிரேகாவுக்குப் பகீரென்றது. நடுவில் ஒரு ஓலைத் தடுப்புதான் இருக்கும். பல்லைக் கடிக்கிற சத்தம், காலை உதைக்கிற சத்தம், எல்லாம் கேட்கும். மறுநாள் லைன் முழுக்கத் தெரியும். கடலில் இறங்காதே என்று தடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். தடுக்காவிட்டால் அலைக்குள்ளே போய்விடுவான்.

"எனுக்குக் கடல்னா ஆவாதும்மா. டவுன்ல இருந்தா நாலு மனுசங்க கீறாங்க," என்று இழுத்தாள்.

"எங்க ஊர்ல மட்டும் கடலா இருக்கு? குளந்தான். நான் ஒரு வட்டம் திருச்செந்தூர்ல காலை நனைச்சதோட சரி." முத்துச்செல்வி கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். உள்ளங்கையில் கோணல்மாணலாக மருதாணி. சசிரேகா பார்ப்பதைக் கண்டு வெட்கத்தோடு சிரித்தாள். "அவுகதான் வச்சுவிட்டாக. மயில் வரையுதேன்னு கோழி வரைஞ்சிட்டாக. உங்ககூடத் தங்கணும்னு சொன்னதே அவுகதான்க்கா. அண்ணன்மேல அம்புட்டு நம்பிக்கை."

"இன்னாத்துக்கு அவ்ளோ நம்பிக்கை?"

"அந்த மிஷின்ல அப்பப்பம் வெட்டுன தகரத் துண்டு மாட்டிக்கிடுமாம்லா? மிஷினை நிறுத்திட்டுத்தான் எடுக்கணுமாம். நிறுத்துனா டார்கெட் வராதாம். அதனால அவுக அப்படியே ரெண்டு கையையும் உள்ள விட்டு உருவிருவாகளாம். வேற ஆளு பெடல்ல நின்னா விடமாட்டாகளாம். திருமல அண்ணன் கால் வச்சிட்டு நின்னா, கண்ணை மூடிக்கிட்டுக் கையை விடலாம்னு சொல்லுவாக."

"கால் வெச்சிகினா?" சசிரேகா அவள் கையைப் பிடித்தாள். "பட்டன் இல்ல?"

"பட்டன் எங்கக்கா இருக்கு, அது பழைய மிஷின்லா? அண்ணன் காலால மிதிச்சாத்தான் மேல இருக்க இரும்பு இறங்கும்."

பீரோவை உதைத்த கால் அது. உதை உதை என்று உதைத்த அந்த வலது கால்தான்.

இத்தனை நாளாக அவள் பயந்து செத்தது எதற்கு? அலைக்கு, பாத்ரூம் தாழ்ப்பாளுக்கு, தீவின் கோடியில் இருந்த ஆஸ்பத்திரிக்கு. அடிப் பாவி, தினமும் மத்தியானம் டப்பாவில் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினாயே, அது எந்த இடத்துக்கு என்று ஒரு நாளாவது கேட்டாயா? அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தைவிடப் பயம் பெரிதாக வந்தது. போன வாரம் பூரா ஓ.டி. பார்த்துவிட்டு, நேற்று ராத்திரிகூடச் சரியாகத் தூங்காமல் புரண்டுகொண்டிருந்தான்.

"முத்துச்செல்வி, இசக்கித் தம்பிய இனிமே கைய உள்ள வுடவேணாம்னு சொல்லும்மா. எவ்ளோ டார்கெட் போனாலும் போவட்டும்."

"ஏன்க்கா? அண்ணன் நிக்கும்போது என்ன பயம்?"

அந்தப் பெண் அதைச் சிரித்துக்கொண்டே கேட்டாள். சசிரேகாவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். வந்ததும் என்றால், ஷிப்ட் முடிய இன்னும் எத்தனை நேரம் இருக்கிறது! அதுவரை எத்தனை தகரம் மாட்டும்! இப்போதே கூப்பிடலாம் என்றால் லைனில் இருக்கிற யாரிடமும் போன் கிடையாது. கேட்டிலேயே வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். சூப்பர்வைசர் ஒருத்தர் கையில்தான் போன் இருக்கும். அவரிடம் சொன்னால் பர்மனென்ட் போச்சு. ஏழு வருஷம் போச்சு. இந்த ஜென்மத்துக்குப் புருஷன் தன் முகத்தில் விழிக்கமாட்டான். எல்லாம் தெரிந்துதான், திருமலையின் போனில் இருந்த சூப்பர்வைசர் நம்பரை அழுத்தினாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவை போனது.

"சொல்லு தங்கச்சி!" சண்முகசுந்தரத்தின் குரலுக்குப் பின்னால் ஷெட்டே அதிர்ந்துகொண்டிருந்தது. "குடிலா, ஓட்டலா? உன் ஒரு ஓட்டுதான் முட்டுக்கட்டையா நிக்கு."

"சார், அத்தப் பேச இல்ல சார். அவுருக்கு வலிப்பு கீது சார்."

"என்னது? இங்க ஒரே சத்தம். உரக்கச் சொல்லு."

"வலிப்பு சார்!" சசிரேகா கத்தினாள். பக்கத்து வீட்டுக்கு, எதிர் வீட்டுக்கு, தெருவுக்கே கேட்கட்டும் என்று கத்தினாள். "காக்கா வலிப்பு! ரெண்டு வருசமா கீது, நாங்க மறைச்சிட்டோம்! வந்தா காலைத்தான் உதைப்பாரு! இசக்கி உள்ள கைய வுடுறானாமே, அவுரைப் பெடலை வுட்டு எறக்குங்க சார், உங்க கால்ல வுழுறேன்!"

முத்துச்செல்வி எழுந்து நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பு பாதியில் அப்படியே இருந்தது.

போனில் ஓடுகிற பூட்ஸ் சத்தம் கேட்டது. கூடவே டம், டம் என்று இரும்பு இறங்குகிற சத்தம் கிட்டே கிட்டே வந்தது. ஒவ்வொரு டம்முக்கும் சசிரேகா கண்ணை இறுக்கி மூடினாள். இப்போது கை உள்ளே இருக்கிறதா? இப்போது? முத்துச்செல்வி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு போனில் காதை வைத்தாள். நகம் பதிகிற பிடி.

"நிறுத்து! ஏலே, காலை எடு! எடுல காலை!"

சத்தம் நின்றது. முத்துச்செல்வி தடாலென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு திருமலையின் குரல் கேட்டது. தூரத்திலிருந்து, தெளிவாக, வேர்த்து விறுவிறுத்து நிற்கிறவனின் சிரிப்போடு.

"இன்னா சார், இப்டி ஓடி வர்றீங்க? யாரு போன்ல, எங்க வூட்டு ஆளா? அட, ரூம் மேட்டருக்கா லைனையே நிறுத்துனீங்க!" சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். இசக்கியின் சிரிப்பும் அதில் கேட்டது. "வுடுங்க சார், எங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஓட்டலே போட்டுடுங்க. அது பாவம், நாலு நாளா பயந்துகினே கீது. கடலை நான் தூரத்துல நின்னு பாத்துக்கறேன்."

சிரிப்புச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

"இன்னா சார்," என்றான் திருமலை. "ஏன் சார் என்னை அப்டிப் பாக்குறீங்க?"