ஆர்வில் டாக்கெட்டின் கொட்டகை

இருபது வருஷத்து வெற்றிப் பாடல்களை ஒரே ஆல்பமாக கம்பெனி போட்டபோது, அமெரிக்க நாட்டுப்புற இசையான கன்ட்ரி பாடும் லோனி டாக்கெட் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: அந்தக் குடிகார அப்பா பாட்டு வேண்டாம். அதுவே முதல் பாட்டாக வந்தது. அது இல்லாவிட்டால் அவனை யாருக்குத் தெரியும்?

பாட்டிலே வரும் அப்பா சம்பளத்தைக் குடித்துத் தீர்த்துவிட்டு வாசலில் விழுந்து கிடப்பார். நிஜ அப்பா ஆர்வில், கென்டக்கி மலையில் நிலக்கரி வெட்டியவர். குடியைப் பாவம் என்னும் பாப்டிஸ்ட் தேவாலய சபையில் டீக்கன் என்ற பொறுப்பு வேறு. ஒரு சொட்டு தொட்டதில்லை. கஷ்டப்பட்டு வந்தவன் பாடினால்தான் எடுபடும் என்று பாட்டுக் கம்பெனிகள் இருக்கும் நாஷ்வில்லில் சொன்னார்கள். சொல்லிக்கொள்ளும்படி வீட்டில் கஷ்டம் இல்லை, அதனால் லோனி இட்டுக்கட்டினான். பேட்டிகளில் அழவும் செய்தான், வெட்கங்கெட்டவன்.

ஆல்பத்தை எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வீட்டுக்கு வந்தான். ஆர்வில் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்னால் இருந்த கொட்டகையின் பூட்டைத் திறந்தார்.

உள்ளே சுவர் முழுக்க விஸ்கி பாட்டில்கள். ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. சிலவற்றில் ரிப்பன் கட்டியிருந்தது. பாடலில் வரும் அப்பாவைப் பார்க்க வந்த ரசிகர்கள் ஆசையாக வைத்துவிட்டுப் போனவை.

கொட்டிவிட வேண்டியதுதானே என்று லோனி கேட்டான்.

"காலி பாட்டிலக் குப்பையில போட்டா குப்பை வண்டிக்காரன் பாப்பான்டா. ஊர்ல நாலு பேராவது இன்னும் என்னை நம்பறாங்க."

"அந்தக் குடிகாரன் நான் இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா நீ பொய்யன்னு ஆயிடுமே."

இனிமேல் யார் வந்தாலும் உண்மையைத் தானே சொல்லிவிடுவதாக லோனி அப்பாவின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தான்.

அரை மணி நேரம் ஆகவில்லை, ஒரு கார் வந்து நின்றது. ஒரு பெண் இறங்கினாள். ஒரு கையில் புது ஆல்பம், ஒரு கையில் பாட்டில். லோனியைக் கண்டதும் அழுதே விட்டாள். தன் அப்பாவும் அப்படித்தான் என்றும், அந்த ஒரு பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் அவரை மன்னித்ததாகவும் சொன்னாள். பிறகு ஆர்வில் பக்கம் திரும்பினாள்.

"இப்ப குடிய விட்டுட்டீங்களாய்யா?"

இதுதான் சமயம். லோனி வாயைத் திறந்தான். சத்தியம் செய்த அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

ஆர்வில் மகனை ஒருதரம் பார்த்தார். எழுபத்தாறு வயது வரை பொய் சொல்லாத மனிதர் அவர்.

"இன்னும் முழுசா விட முடியலம்மா," என்றார்.

அவள் இருவரையும் சேர்த்து நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனாள். லோனி அவள் தந்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனான். அப்பா அதைத் திரும்பப் பூட்டியிருந்தார். போய்ச் சாவி கேட்க முகம் இல்லாமல், பாட்டிலும் கையுமாக அங்கேயே நின்றான்.