சத்தமில்லாமல் வெளியேற மாதச் சந்தா

மூன்று கோடிப் பேர் கண் விழித்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் திறந்து பார்க்கிற அரட்டைச் செயலி அது. அதற்காக ஒருவரும் இதுவரை காலணா கொடுத்ததில்லை. வருமானத்துக்கு வழி தேடுகிற அதிகாரிக்கு ஆபீசில் ‘கல்லா’ என்று பெயர். ஐம்பத்து நாலு வயது. ஒன்பது வருஷமாகக் காலியாகவே இருக்கிற கல்லா.

கடைசியாக, வருஷத்துக்கு ஒரு சின்னத் தொகை தாருங்கள் என்று எல்லாருடைய திரையிலும் பணிவாகக் கேட்டுப் பார்த்தார். மக்கள் அந்த வேண்டுகோளுக்கு அடியிலேயே, ‘இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் காசு கட்ட வேண்டாம்’ என்று ஒரு வரி சேர்த்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் அது கல்லாவுக்கே பதினேழு முறை வந்தது. ஒன்றை அனுப்பியவர் அவருடைய மாமனார்.

முதலாளியம்மா கூப்பிட்டார். “திங்கக்கிழமை வரைக்கும் பாருங்க சார். அதுக்கு மேல உங்களை வெச்சுக்க முடியாது.”

கோபமாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார்.

கல்லா வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தார். மனைவி போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க அக்கா ஆரம்பிச்ச குடும்பக் குழுவுல நூத்திப் பன்னெண்டு பேருங்க. விடிஞ்சா ஆளுக்கொரு வணக்கம். என் கட்டைவிரல்ல ரேகையே அழிஞ்சுபோச்சு.”

“வெளிய வந்துடேன்.”

“வந்தா, ‘இன்னார் வெளியேறினார்’னு உங்க செயலி தண்டோரா போடுதே! அப்புறம் உங்க அக்கா முகத்துல எப்படி முழிக்கறது? சத்தமில்லாம விட்டா, மாசாமாசம் காசு கட்டிட்டுக்கூடப் போவேன்.”

கல்லா எழுந்து, வந்த வழியே ஆபீசுக்குத் திரும்பினார்.

செயலியை எழுதுகிற பெண் அவர் யோசனையை முழுக்கக் கேட்டாள். “வணக்கம் வரலைன்னா கண்டுபிடிச்சிடுவாங்களே சார். போறவங்க இடத்துல அவங்க பேர்லயே ஒரு புரோகிராம் பொம்மைய உட்கார வெச்சிடலாம். மனுஷங்க பேசினா பதில் சொல்லும். தானா வாயத் திறக்காது.”

“சொந்தக்காரங்க மாதிரி பேசுமா?”

“சொந்தக்காரங்க என்ன சார் பெருசா பேசறாங்க? ‘வணக்கம்’, ‘சூப்பர்’, ‘உடம்பைப் பார்த்துக்கோங்க’. மூணு வரி போதும்.”

திங்கட்கிழமை காலை பொம்மை வாடகைக்கு வந்தது. மாதச் சந்தா கட்டத் தவறினால் அது எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிடும். மதியத்துக்குள் பணம் கொட்டிய வேகத்தைப் பார்த்து, வங்கிக்காரர்கள் பயந்துபோய் போன் செய்தார்கள். ஒரு குடும்பத்தில் இருபது வருஷச் சொத்துச் சண்டையே முடிந்துபோனது. பெரியப்பா எவ்வளவு திட்டினாலும் எதிர்த்தரப்பு முழுவதும் ‘உடம்பைப் பார்த்துக்கோங்க’ என்றே பதில் சொன்னால் அவரும் என்னதான் செய்வார்?

கல்லாவின் வேலை தப்பியது. ஆனால் மனசு உறுத்தியது. மனைவியும் மற்றவர்களும் கழன்றுகொண்ட பிறகு அக்காவைப் பொம்மைகளோடு தனியாக விட மனமில்லாமல், அவர் மட்டும் குழுவில் இருந்து தினமும் வணக்கம் சொன்னார். இரண்டு வாரம் பொறுத்து, உண்மையை ஒப்புக்கொண்டுவிடலாம் என்று அவளுக்கு போன் செய்தார்.

“அக்கா, நம்ம குழுவுல இருக்கறவங்க எல்லாம்...”

“டேய், நீ இன்னுமா அதுல இருக்கே? நான் முதல் நாளே காசு கட்டிட்டு வந்துட்டேன்டா!”

கல்லா உடனே தானும் வெளியேறப் பொத்தானை அழுத்தினார். அது வேலை செய்யவில்லை. மறுநாள் முதலாளியம்மாவிடம் போய் நின்றார்.

“நீங்க போயிட்டா அங்க பேச ஆள் ஏது சார்? பொம்மையெல்லாம் ஊமையாயிடும். ஊமைப் பொம்மைக்கு எவன் வாடகை கட்டுவான்? இந்த மாதிரி ஆளே இல்லாத குழு இன்னைக்குத் தேதிக்கு நாப்பதாயிரம் இருக்கு. தினம் எல்லாத்துலயும் முதல் வணக்கம் நீங்கதான் சொல்லணும். வேலைய நிரந்தரம் பண்ணியாச்சு.”

“அதையும் ஒரு பொம்மையே சொல்லக்கூடாதா மேடம்?”

“பொம்மை பேச்சுக்கும் பதில் சொல்லச் சொல்லி விட்டுப் பார்த்தோமே. ஒண்ணுக்கொண்ணு பதில் சொல்லி நிறுத்தவே மாட்டேங்குது, மிஷினெல்லாம் கொதிக்குது. மனுஷன்னாத்தான் அலுத்துப்போய் நடுவுல நிறுத்துவான். உங்க அளவுக்கு அலுத்துப்போனவர் இந்த ஆபீஸ்ல வேற யாரு சார் இருக்காங்க?”

மறுக்கவும் தெம்பு வேண்டுமே. கல்லா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஏதோ ஒரு குடும்பத்தின் குழுவைத் திறந்து, வணக்கம் என்று தட்டினார்.