மடை மேல் மூட்டை

என் மனைவி தனபாக்கியத்தின் ஈரலில் தேங்காய் அளவுக்குக் கட்டி என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். புற்றுநோய் இல்லையாம். ஆனால் வலியில் சுருண்டு கிடந்தாள்.

“வயித்தக் கிழிக்க வேணாம் பெரியவரே. அறுத்தா ரத்தம் நெறைய போயிடும்,” என்றார் டாக்டரம்மா மங்களாம்பிகை. “தொடையில சின்னதா ஓட்டை போட்டு, ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு டியூப்பை விட்டு, கட்டிக்குப் போற ரத்தத்த அடைச்சிடுவோம். அது தானா சுருங்கிடும்.”

அடைப்பது என்ற சொல்லே எனக்கு ஆகாது. கீழ்வேளூர்ப் பக்கம் நான் குத்தகைக்காரன். குத்தகையைப் பதிவு செய்யலாம் என்று சர்க்கார் சட்டம் போட்டது. நம்பிப் பதிந்தேன். உடனே நிலத்துக்குச் சொந்தக்காரரான பண்ணையாரின் ஆட்கள் என் வயலுக்குத் தண்ணீர் வரும் மடையில் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். தாசில்தாரும் கட்சிக்காரரும் பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் பார்ப்பதற்குள் பால் பிடித்த கதிர் நின்ற வாக்கில் கருகிப் போனது.

“ஈரலே காஞ்சு போச்சுன்னா?”

“காயாதுங்க. ஈரலுக்கு வேற வழியிலயும் ரத்தம் வருது. கட்டிக்குத்தான் இந்த ஒரு வழி.”

“எங்களுக்கும் தாசில்தாரு இப்படித்தான் பக்குவமா சொன்னாரு.”

கட்டிலில் கிடந்தவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “வலி எனக்கா, உங்களுக்கா? வாய மூடிக்கிட்டு நில்லுங்க. டாக்டரம்மா, நீங்க பண்ணுங்க.”

பண்ணினார்கள். மறுபடி படுக்கைக்குக் கொண்டுவந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. உடம்பு கொதித்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

“காய்ச்சலும் வலியும் கொஞ்சம் இருக்கும். பயப்படாதீங்க தாத்தா,” என்றாள் நர்சு ஆமினா. “காலை மட்டும் மடக்க விடாதீங்க.” அடுத்த அறையில் மணியடிக்கவும் ஓடினாள்.

எப்படிப் பயப்படாமல் இருப்பது? பாதத்தைத் தொட்டேன். சில்லிட்டிருந்தது. போர்வையை விலக்கினேன். தொடை இடுக்கில், கட்டுக்கு மேல், ஒரு மணல் மூட்டை.

இதை வைத்துத்தான் அடைத்திருக்கிறார்கள். இவளும் நின்ற வாக்கில் கருகப் போகிறாள். மடையில் மூட்டையைக் கண்டால் என் கை என்னைக் கேட்காது. தூக்கித் தரையில் போட்டேன்.

“அப்பாடா, பாரம் எறங்குச்சு,” என்றாள். பிறகு இருமினாள்.

கட்டு சிவந்தது. கண்ணெதிரே சிவப்பு பரவி விரிப்பில் இறங்கியது.

கரை உடைந்தால் மண் வரும்வரை ஆள்தான் உடம்பால் அண்டை கொடுக்க வேண்டும். உள்ளங்கையை அதன்மேல் வைத்து உடம்புப் பாரம் முழுவதையும் இறக்கிக் கத்தினேன். விரலிடுக்கில் சூடாகக் கசிந்தது. காவிரியில் எத்தனையோ வெள்ளம் பார்த்தவன் நான், அப்படிப் பயந்ததில்லை.

ஆமினா ஓடிவந்தாள். “கைய எடுக்காதீங்க!” கையுறை மாட்டிக்கொண்டு தானே அழுத்திப் பிடித்தாள். கசிவு நின்ற பிறகுதான் திட்டினாள்.

“யாரு எடுக்கச் சொன்னது? ஈரலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? தொடையில போட்ட ஓட்டை மூடிக்கத்தான் இந்தப் பாரம். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

புதுக் கட்டுப் போட்டாள். மூட்டையை எடுத்துக் கொடுத்தேன். பழைய இடத்திலேயே வைத்தாள்.

“இப்ப நீங்களே மடைய அடைக்கிறீங்களா?” என்றாள் தனபாக்கியம், கண்ணைத் திறக்காமலே.

சிரிப்பு வரவில்லை. மூட்டை நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். அவள் அயர்ந்தாள். தூக்கம்தானா என்று தெரியவில்லை. பாதத்தைத் தொட்டேன். சூடு திரும்பியிருந்தது. நம்பாமல் மறுபடியும் தொட்டேன்.