காலண்டர் தாளில் சுற்றிய வெல்லம்

விகாதிக்கான நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து, ஆண்கள் சோற்றுப் பொட்டலங்களோடு கிளம்பிப் போன பிறகும் முர்தினி பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. மடியில் கைப்பை. பைக்குள், மூக்குக் கண்ணாடிக் கூட்டில், ஒரு துண்டு தென்னை வெல்லம் தினக் காலண்டர் தாளில் சுற்றியபடி இருந்தது. விகாதியின் கையிலிருந்து அவளே பிடுங்கி வைத்த வெல்லம் அது. அந்தப் பிள்ளைக்குப் பத்து வயது. இன்றாவது தாயிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் இதே எண்ணத்தோடுதான் வந்தாள். இரண்டு இரவும் தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

முர்தினி விகாதியின் வகுப்பாசிரியை; ஊரில் எல்லோருக்கும் ‘இபு குரு’, டீச்சரம்மா. பள்ளி மருந்தறையின் சாவியும் அவளிடம்தான் இருந்தது. மருந்தறை என்றால் ஒரு கட்டில், ஒரு எடைக்கருவி, நான்கைந்து புட்டி தைலம். கிளாத்தென் ஊர்ப் பக்கத்தில் பிள்ளைகள் முகம் வெளுத்து வேர்த்தால் ‘காத்து புகுந்திருச்சு’ என்பார்கள். முதுகில் சூடு பறக்கத் தைலம் தேய்த்துப் படுக்கவைத்தால் பத்தில் ஒன்பது பிள்ளை அரை மணியில் எழுந்து ஓடிவிடும். அதனால்தான் அந்த வைத்தியத்தை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

விகாதியின் அம்மா பர்யெம், ஆயத்த ஆடை கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவள், வருடத் தொடக்கத்தில் ஒரு கடிதம் கொடுத்திருந்தாள். ‘மகளுக்குச் சர்க்கரை நோய். தினமும் ஊசி போடுகிறோம். இனிப்பு எதுவும் தின்ன விட வேண்டாம்.’ அவ்வளவுதான். முர்தினி அதை மூன்று முறை படித்து, பள்ளி வாசலில் ஐஸ் விற்பவரிடமும் சொல்லிவைத்தாள்.

அது நோன்பு மாதம். சின்னப் பிள்ளைகள் முழு நாளும் நோன்பு பிடிக்க மாட்டார்கள். நண்பகலில் பள்ளிவாசல் முரசு ஒலிக்கும்வரை மட்டும் பிடிப்பார்கள். விகாதிக்கு அதுவும் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நோயாளிக்குக் கடமையில்லை என்று குர்ஆன் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதும் சொல்லியிருந்தார். ஆனால் வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரி கேட்டாள்: “முரசு வரைக்கும்கூட முடியாதா உனக்கு? என் தம்பியே புடிக்கிறான், பால்குடி.” மறுநாள் வியாழக்கிழமை. காலை ஆறு மணிக்குப் பர்யெம் ஊசி போட்டு, சோற்றுத் தட்டை வைத்துவிட்டுக் கம்பெனி வேனுக்கு ஓடினாள். விகாதி சோற்றைக் கோழிகளுக்குப் போட்டாள். அடுத்த வீட்டுக்காரி அதைப் பார்த்தது பிறகுதான் தெரியவந்தது.

பத்தரை மணிக்கு விகாதி முர்தினியின் மேசைக்கு வந்து நின்றாள். “இபு குரு, கை நடுங்குது.”

“காத்து புகுந்திருக்கும் கண்ணு. நோன்பா?”

விகாதி பெருமையோடு தலையாட்டினாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மருந்தறையில் தைலம் தேய்க்கும்போது விகாதி தன் பாக்கெட்டிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தாள். “இதத் தின்னுக்கட்டுமா?”

“வெல்லமா? உங்கம்மா இனிப்பே ஆகாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க.”

“அம்மாதான் குடுத்தாங்க.”

“பொய் சொன்னா நோன்புக்கு நல்லதில்ல.” முர்தினி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். “இவ்வளவு நேரம் இருந்துட்டே. முரசுக்கு இன்னும் ஒன்றரை மணிதான். நல்ல பிள்ள, பொறுத்துக்க.”

பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள். பிள்ளையின் விரல்களில் பிடியே இல்லை. போர்வையை இழுத்துவிடும்போது விகாதி மறுபடியும் வெல்லம் என்றாள், சொல் குழறியது. தூக்கக் கலக்கம் என்று முர்தினி நினைத்தாள். முரசு ஒலித்ததும் எழுப்பப் போனபோது கட்டில் ஆடிக்கொண்டிருந்தது. கை கால் இழுத்துக்கொண்டிருந்தது.

மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தாள். பிறகு இல்லை.

அங்கே ஒரு இளம் மருத்துவரிடம் முர்தினி கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஊசி மருந்தின் வேலை, இரத்தத்திலுள்ள சர்க்கரையை உடம்பின் தசைகளுக்குள் அனுப்புவது. சாப்பாடு வந்ததா என்று அது பார்ப்பதில்லை. ஆறு மணிக்குப் போட்டது பத்து மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். சோறு வராவிட்டால் இரத்தத்தில் இருக்கிற கொஞ்சமும் போய்க்கொண்டே இருக்கும். மற்ற உறுப்புகள் எப்படியாவது சமாளிக்கும், மூளையால் முடியாது. முதலில் நடுக்கம், வேர்வை, பசி, பிறகு குழறல், மயக்கம், பிறகு வலிப்பு. விழுங்க முடிகிறவரை மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் கால் மணியில் தெளிந்துவிடும். நினைவு தப்பிய பிறகு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது; ஒருக்களித்துப் படுக்கவைத்து, மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

“சர்க்கரை நோய்க்குச் சர்க்கரை மருந்தா?” என்று கேட்டாள்.

“அந்த நிமிஷத்துக்கு அதுதான் மருந்து” என்றார் அவர்.

“தேத்தண்ணி ஆறுது இபு குரு.” பர்யெம் பாயில் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த இடத்துக்கு மேலே சுவரில் காலண்டர் தொங்கியது. அதில் அந்த வியாழக்கிழமைத் தேதி வெகு நாளாகக் கிழிபடாமல் அப்படியே நின்றிருந்தது. “ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்.”

“கேளுங்க.”

“ஆஸ்பத்திரில அவ யூனிஃபார்ம மடிச்சுக் குடுத்தாங்க. பாக்கெட்ல ஒண்ணுமே இல்ல. தினமும் காலையில காலண்டர்ல முந்தின நாள் தாளக் கிழிச்சு, அதுல வெல்லம் சுத்தி வச்சு அனுப்புவேன். நடுக்கம் வந்தா தின்னுன்னு சொல்லி வச்சிருந்தேன். அத உங்களுக்குக் குடுத்த கடுதாசியிலயும் எழுதியிருக்கணும், தோணல. அன்னிக்குன்னு பாத்து வேன்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான்.” அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். “வச்சேனா மறந்தேனான்னு நாப்பது நாளா யோசிக்கிறேன். மறந்துதான் போயிட்டேன். நானே எம்புள்ளைய…”

முர்தினி கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள். வெல்லம் கசிந்து தாள் பழுப்பாகியிருந்தது. அதைப் பாயில், தேநீர் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பர்யெம் தாளை நகத்தால் மெல்லப் பிரித்தாள். ஒரு மூலை வெல்லத்தோடு ஒட்டிக்கொண்டு கிழிந்தது. புதன்கிழமை. கறுப்பில் பெரிதாக ஒரு பதினாறு.

“வச்சிருக்கேன்” என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

“நான்தான் வாங்கிட்டேன். தின்னக் கூடாதுன்னு நெனச்சு.”

“அவ கேட்டாளா?”

“கேட்டா. ரெண்டு தடவ. அம்மா குடுத்ததுன்னும் சொன்னா. நான்தான் நம்பல.”

அடுக்களையில் பாத்திரம் கழுவும் ஓசை நின்றது. முர்தினி தலை குனிந்து காத்திருந்தாள். திட்டினாலும் கைநீட்டி அடித்தாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்று இருந்தது. பர்யெம் தாளை முழங்கால்மேல் வைத்துச் சுருக்கம் நீவினாள், திரும்பத் திரும்ப.

“இந்தத் தாள் என்கிட்ட இருக்கட்டும்” என்றாள். பிறகு வெல்லத்தை எடுத்து முர்தினியின் உள்ளங்கையில் வைத்தாள். “இத நீங்க கொண்டுபோங்க.”

முர்தினி எழுந்தாள். அதைச் சுற்ற அவளிடம் தாள் எதுவும் இல்லை. வெறுங்கையில் மூடிப் பிடித்தபடி தெருவில் நடந்தாள். பாதி வழியிலேயே விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.