பச்சைக் கொடிக்கு ஒரு கடையாணி

1961ஆம் ஆண்டு ஏப்ரல் நான்காம் திகதி செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதம் வந்தது. அப்போது நான் உக்குவளையில் ஒரு கொக்கோ ஸ்டோரில் கிளாக்கராக இருந்தேன். ஊரில் யாருக்கு எந்த அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தாலும் அது முதலில் என் மேசைக்கு வந்துவிடும். வாசித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் என் பொறுப்பு.

ரயில்வேக் கந்தோர் அனுப்பிய அந்தக் கடிதம் எங்கள் மூன்றாம் மைல் கட்டைக் கடவையைப் பற்றியது. உக்குவளைக்கும் மாத்தளைக்கும் இடையில், வண்டிப் பாதை ரயில் பாதையைக் குறுக்கே வெட்டும் இடம் அது. ஜூன் முப்பதாம் திகதிக்குள் கடவையைப் பாவிப்பவர்கள் தங்கள் பொறுப்பில் ஏற்கத்தக்க கேட் ஒன்றை அமைக்க வேண்டும். தவறினால் தண்டவாளத் துண்டுகளை நட்டுக் கடவை மூடப்படும். நிபந்தனைகள் மூன்று: இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மூட வேண்டும், அதை ஒருவரே செய்ய வேண்டும், மூடிய பிறகுதான் ரயிலுக்குப் பச்சைக் கொடி காட்ட வேண்டும்.

காரணம் ஊருக்கே தெரியும். பிப்ரவரி இருபத்துமூன்றாம் திகதி புஹாரியின் மாட்டு வண்டியில் ரயில் மோதியது. தேங்காய் ஏற்றி மேட்டிலிருந்து இறங்கிய வண்டி. புஹாரி குதித்துத் தப்பினார். வலப்பக்கத்து மாடு செத்துப்போனது. கடவையில் அப்போது கேட் கிடையாது. பாதைக்கு இரு பக்கமும் ஒவ்வொரு சங்கிலி இருந்தது. அழகாயி ஒரு பக்கத்துச் சங்கிலியை மாட்டிவிட்டு, தண்டவாளத்தைத் தாண்டி ஓடி மறுபக்கத்தையும் மாட்டி, பிறகு கொடியை எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அழகாயி இருளாண்டியின் மனைவி. இருளாண்டி ரயில் பாதைக் கூலியாக இருந்து காய்ச்சலில் இறந்தபின் இந்தக் கொடி பிடிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. கூடவே தகரக் கூரை போட்ட ஓர் அறை. கடவை மூடப்பட்டால் வண்டிகள் நாலு மைல் சுற்றிப் போகும், அவ்வளவுதான். அழகாயிக்கு வேலையும் போகும், அறையும் போகும். இரண்டு பெண் பிள்ளைகளோடு அவருக்குப் போக்கிடம் இல்லை.

விபத்து விசாரணைக்கு ஊர் சார்பில் அறிக்கை எழுதியதும் நான்தான். "காவலாளி தன் கடமைகளை முறைப்படி செய்திருந்தார். வண்டிக்காரர் நோன்புக் களைப்பில் கண்ணயர்ந்திருக்கலாம்" என்று எழுதியிருந்தேன். எழுதுமுன் அழகாயியிடமும் கேட்கவில்லை, புஹாரியிடமும் கேட்கவில்லை. விதவைப் பெண்ணின் வேலை தப்ப வேண்டுமே என்ற ஒரே நினைப்பு.

கேட் செய்ய ஊரில் ஒரே ஒருவரைத்தான் கேட்கலாம். வண்டி செய்யும் கலந்தர் நானா. அவர் பட்டறைக்குப் போய்க் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். இழைப்புளியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"படம் கிடம் ஒண்டும் வைக்கல்லியா?"

"இல்ல நானா. நிபந்தனை மட்டும்தான்."

"நல்லதாப் போச்சு. படம் ஈந்தா அதப் பாத்துப் பாத்தே பிழை உட்டிருப்பன்."

மறுநாளே கடவைக்கு வந்து கயிறு பிடித்து அளந்தார். வெறும் வண்டியை அளக்கவில்லை. மூங்கில் ஏற்றிய வண்டி ஒன்று வரும்வரை காத்திருந்து, மாட்டின் மூக்கிலிருந்து பின்னால் நீட்டிய மூங்கில் நுனிவரை அளந்தார். கேட் விழும் நேரத்தில் வண்டி உள்ளே மாட்டிக்கொண்டால், கேட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் முழு வண்டியும் ஒதுங்கி நிற்க இடம் வேண்டுமாம். அந்த அளவை என்னிடம் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். பத்தொன்பது அடி.

ஆறு வாரத்தில் வேலை முடிந்தது. தண்டவாளத்தின் இரு பக்கமும் பலா மரத் தூண். தூண்களின் மேல் வண்டி அச்சில் சுழலும் நீண்ட மூங்கில் கை, சிவப்பும் வெள்ளையுமாகப் பூச்சு. வால் பக்கம் ஒரு கருங்கல். அழகாயியின் அறை வாசலில் ஓர் இரும்புக் கைப்பிடி. அதிலிருந்து இரண்டு கைகளுக்கும் கம்பி. எதிர்ப்பக்கத்துக் கம்பி தண்டவாளத்துக்கு அடியில் குழாய்க்குள் போனது. கைப்பிடியை அமுக்கி ஒரு கொக்கியில் மாட்டினால் இரண்டு கையும் ஒன்றாக இறங்கும். கொக்கியை விட்டால் கல்லின் பாரத்தில் தாமே ஏறிவிடும். குழந்தை விரலால் தள்ளினாலும் அசையும்படி அவ்வளவு இலேசு. எனக்கு வியப்புத் தாங்கவில்லை.

மே இருபதாம் திகதி ரயில் பாதைப் பரிசோதகர் டிராலியில் வந்தார். மெலிந்த, குடையை விடாத மனிதர். சிங்களத்தில் பேசினார், அது எங்கள் எல்லோருக்கும் விளங்கும். அழகாயி கைப்பிடியை அமுக்கியதும் இரண்டு கேட்டும் சேர்ந்து இறங்கின. கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். பரிசோதகரும் தலையாட்டினார். பிறகு மெதுவாக எதிர்ப்பக்கத் தூணுக்குப் போய்க் கம்பியின் முடிச்சைத் தம் கையாலேயே அவிழ்த்தார்.

கேட் மேலே எழும்பி வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

"கம்பி அறுந்தால் இதுதான் நடக்கும், மேஸ்திரி. ரயில் வரும்போது கதவு திறக்கும்" என்றார். "கிணற்றுக்கு இது நல்லது. ரயிலுக்கு ஆகாது."

உண்மையில் அது கிணற்றுத் துலாதான். கலேவெலப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குக் கலந்தர் நானா துலா போட்டுக் கொடுத்துப் பழகியவர். துலாவில் வால் கனக்க வேண்டும்; கைவிட்டால் வாளி மேலே வர வேண்டும். அந்தப் பழக்கம் கையோடு வந்துவிட்டது. கூட்டத்திலிருந்து புஹாரியின் குரல் கேட்டது.

"கலந்தர் நானா, வாளியக் கட்டுங்க! ரயிலுக்குத் தண்ணியாவது ஊத்தலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானா கோபப்படவில்லை. தூணருகே போய், ஏறி நிற்கும் கேட்டை அண்ணாந்து பார்த்து, "செரிதான். தலைகீழாச் செஞ்சீக்கிறன்" என்றார். அவ்வளவுதான். சாக்குச் சொல்லவில்லை, கம்பி அறாது என்று வாதாடவும் இல்லை. பரிசோதகர் ஜூன் இருபத்துநான்காம் திகதி திரும்பி வருவதாகச் சொல்லிப் போனார்.

கல்லைக் குறைத்து, மூங்கிலின் நுனியில் இரும்புப் பட்டை போட்டு, கம்பியை மாற்றிக் கட்ட நானாவுக்கு ஒரு நாள்தான் பிடித்தது. இப்போது கைப்பிடியை அமுக்கினால் கேட் ஏறும், விட்டால் விழும். கம்பி அறுந்தாலும் விழும். வேலை முடிந்தது என்று நான் கந்தோருக்கு எழுதக் காகிதத்தை எடுத்துவிட்டேன். அழகாயிதான் தடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க கிளாக்கர் ஐயா. நானா, ரயில் ஒரு நாளைக்கு ஆறு தடவதான் வருது. மத்த நேரமெல்லாம் கேட்டு மேலதானே நிக்கணும்?"

"கொக்கியில மாட்டி வை புள்ள."

"மாட்டுனா அது மாட்டுனபடியே நிக்குமே. கழட்ட நான் மறந்தா?"

"நீ என்னத்துக்கு மறக்கிற?"

அழகாயி அறை வாசலில் சாத்தியிருந்த பச்சைக் கொடியை எடுத்துத் துணியைச் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"அன்னைக்கு மறந்தேன் நானா" என்றார். "சோறு வடிச்சிக்கிட்டு இருந்தேன். ரயிலு ஊதிருச்சி. ஓடியாந்தேன். கையில மொதல்ல கொடிதான் வந்துச்சி. கொடியப் பாத்ததும் எல்லாம் முடிஞ்ச மாதிரி ஒரு நெனப்பு. விரிச்சிப் புடிச்சிட்டேன். அந்தப் பக்கத்துச் சங்கிலி தரையில கெடந்துச்சி. புஹாரி அண்ணன் தூங்கல. சங்கிலி இல்லன்னுதான் அவரு எறங்கி வந்தாரு."

என் அறிக்கையின் ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம்.

"யாருகிட்டயும் சொல்லல. வேல போயிரும்னு பயந்தேன்" என்றார் அழகாயி. "அந்தக் கொடி மட்டும் அன்னைக்குக் கைக்கு வராம எங்கயாவது சிக்கியிருந்தா, எனக்குச் சங்கிலி ஞாபகம் வந்திருக்கும்."

கலந்தர் நானா "கொடியத் தா" என்று கை நீட்டினார். கொடிக் கம்பின் அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெருவிரலால் தடிப்பைப் பார்த்தார். அதைத் தோளில் சாத்திக்கொண்டு பட்டறைக்கு நடந்துவிட்டார். அன்று மாலை ரயிலுக்கு அழகாயி பழைய கொடித் துணியை ஒரு கொக்கோக் கம்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் கொடி திரும்பி வந்தது. கம்பின் அடியில் ஒரு சாண் நீளத்துக்கு இரும்புப் பூண். வண்டிச் சக்கரம் கழன்று போகாமல் அச்சின் முனையில் குத்துவார்களே கடையாணி, அதே வேலைப்பாடு. கொக்கி இருந்த இடத்தில் இப்போது இரண்டு துளைக் காதுகள். கைப்பிடியைக் கீழே அமுக்கிக் காதுகளுக்குள் கொடிக் கம்பைச் செருகினால் கைப்பிடி அப்படியே நிற்கும். கேட்டும் மேலே நிற்கும். கொடியை உருவினால் கைப்பிடி துள்ளும். இரண்டு கேட்டும் விழும்.

"இனி இழு புள்ள" என்றார் நானா.

அழகாயி கைப்பிடியைக் காலால் சற்று அமுக்கிக் கொடியை உருவினார். கேட் இரண்டும் தடாலென்று இறங்கின. கையில் கொடி. அவர் கொடியைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், மறுபடி கொடியைப் பார்த்தார்.

"அப்ப கேட்ட மூடாம இத எடுக்கவே ஏலாதா?"

"ஏலா. நீ சோறு வடிச்சாலும் ஏலா, தூங்கி எழும்பி வந்தாலும் ஏலா."

நான் கேட்டுக்கும் கைப்பிடிக்குமாக நாலு முறை நடந்து, இதில் ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று தேடினேன். "சிவப்புக் கொடிக்கும் இப்படிச் செய்ய வேணாமா?" என்று கேட்டேன். இரண்டு பேரும் என்னை ஒரே மாதிரிப் பார்த்தார்கள்.

"செவப்புக்கு எதுக்குங்க பூட்டு?" என்றார் அழகாயி. "அது யாரு வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் எடுக்கணும். சும்மா ஆணியில தொங்கட்டும்."

ஜூன் இருபத்துநான்காம் திகதி பரிசோதகர் காலை ரயிலுக்கு முன்பே வந்துவிட்டார். ரயில் ஊதியது. அழகாயி பாதையின் இரு பக்கமும் பார்த்து, கொடியை உருவினார். கேட் விழுந்தது. பச்சைக் கொடியைக் கண்டு ரயில் தாண்டிப் போனது. பரிசோதகர் கொடியைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, "இப்போது கேட்டைத் திறந்து வையுங்கள்" என்றார். அழகாயி கைப்பிடியை அமுக்கினார், கேட் ஏறியது, கையை எடுத்தார், விழுந்தது. பரிசோதகர் தாமே இரண்டு முறை முயன்றார். கொடியைச் செருகிக் கேட்டை ஏற்றிவிட்டுக் கம்பியை அவிழ்த்துப் பார்த்தார். மூங்கில் கை அவர் குடையின் மேலேயே விழுந்தது. அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"கதவு செய்யச் சொன்னால் எல்லோரும் கதவைத்தான் யோசிப்பார்கள்" என்றார். "கொடியைப் பூட்ட வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? ஏன் தோன்றியது?"

கலந்தர் நானா தரையைப் பார்த்தார். நான் முன்னால் வந்து, பொதுவான பாதுகாப்பைக் கருதி என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அழகாயி என்னை முந்திக்கொண்டார். அவருடைய சிங்களம் என்னுடையதைவிட நேரானது.

"நான் பிப்ரவரியில் கொடியை முதலில் எடுத்துவிட்டேன், மஹத்தயா. சங்கிலி போடவில்லை. வண்டிக்காரர் தூங்கவில்லை. அதனால்தான் தோன்றியது."

புஹாரி முன்வரிசையில்தான் நின்றார். நாலு மாதமாக ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட அவரை "நித்திரை நானா" என்று கூப்பிட்டிருந்தார்கள். அவர் முகம் முதலில் சிவந்தது. பிறகு அழகாயியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"என்ட நோன்ப வச்சிக் கத எழுதினது நீங்கதானே கிளாக்கர்?"

"நான்தான்" என்றேன். "திருத்தி எழுதிக் கொடுக்கிறேன். இன்றைக்கே."

"பெரிய எழுத்துல எழுதுங்க. கடைச் சுவத்துல ஒட்டணும்." பிறகு அழகாயியிடம் திரும்பினார். "மாடு போனது போனதுதான் தங்கச்சி. ஆனா இத அண்டைக்கே சொல்லியிருந்தா நான் நிம்மதியா நோன்பு புடிச்சிருப்பன்."

"ஆமாண்ணே" என்றார் அழகாயி.

பரிசோதகர் குறிப்புப் புத்தகத்தை மூடி வைத்திருந்தார். மறுபடி திறந்தார். "இந்தக் கதவு எதைத் தடுக்கிறது என்று நான் மேலே எழுத வேண்டும்" என்று என்னிடம் சொன்னார். "அவசரத்தில் காவலாளி கொடியை முதலில் எடுக்கக்கூடும் என்று எழுதுகிறேன். நடந்தது என்றும் எழுதுவேன், மறைக்க முடியாது. யார் சொல்லித் தெரியவந்தது என்பதையும் எழுதுவேன்."

அன்று ஸ்டோருக்குத் திரும்பி நான் இரண்டு காகிதம் எழுதினேன். ஒன்று, என் பழைய அறிக்கை தவறு என்பதும் தவறு என்னுடையது என்பதும். மற்றது கேட்டின் வரைபடம். அளவுகள் எல்லாம் அடி, அங்குலமாக. வடிவமைத்தவர் என்ற இடத்தில் கலந்தர் நானா தம் பெயரைப் போட விடவில்லை, அழகாயியும் விடவில்லை. நான் இரண்டு பெயரையும் எழுதி உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டேன்.

ஜூன் முப்பது வந்தது. பதில் வரவில்லை. தண்டவாளத் துண்டுகளோடு கூலிகள் வருவார்களோ என்று அழகாயி சட்டி பானையைக்கூட ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்ததாக அவர் மூத்த மகள் என்னிடம் சொன்னாள். ஜூலை ஐந்தாம் திகதி பத்து மணித் தபாலில் கடிதம் வந்தது. வாசித்ததும் சைக்கிளை எடுத்தேன். மேட்டில் மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு கடவைக்குப் போய்ச் சேர்ந்தபோது என் மூக்குக்கு நேரே கேட் விழுந்தது.

எதிர்ப்பக்கத்தில் அழகாயி கொடியோடு நின்றார்.

"அழகாயி! கடிதம் வந்திருக்கு!" என்று கத்தினேன்.

"ரயிலு வருதுங்க ஐயா. அப்பறம்."

பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. புது மாடு, பழைய புஹாரி.

"என்னவாம் கிளாக்கர்? கடவைய மூடுறாங்களா?"

"இல்ல. கேட்டை ஏத்துக்கிட்டாங்க. வேற ரெண்டு கடவைக்கும் இதே மாதிரிப் போடப் போறாங்களாம்."

"அந்தப் புள்ளைக்கு வேல?"

அந்த வரியை நான் விரலால் தொட்டு வாசித்தேன். "தற்போதைய காவலாளியே தொடர்ந்து கடமையாற்றலாம். புதிய கடவைகளின் காவலாளிகளைப் பழக்கும் பொறுப்பும் அவருக்கே."

"சத்தமாச் சொல்லுங்களேன், அவளுக்குக் கேக்கட்டும்!" என்று புஹாரி வண்டியில் எழுந்து நின்று, தாமே கத்தத் தொடங்கினார். அதற்குள் இஞ்சின் வந்துவிட்டது. அவர் வாய் அசைவது தெரிந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. பெட்டிகளுக்கு இடையில் எதிர்ப்பக்கம் விட்டு விட்டுத் தெரிந்தது. அழகாயி எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. கடைசிப் பெட்டி தாண்டும்வரை கொடியை நேராகப் பிடித்தபடி பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார்.