பதினாறு மில்லி

விடிந்தால் அக்கா அம்சவள்ளிக்குச் செட்டிகுளத்தில் கல்யாணம். அவளுக்குப் போடும் காப்பைச் சம்பந்தி வீட்டார் முன்னால் நிறுத்துக் காட்டியாயிற்று. ஐந்து பவுன், நாற்பது கிராம், கெட்டித் தங்கம்.

பெரம்பலூரில் ப்ளஸ் டூ படிக்கும் திமிர் எனக்கு. பிராக்டிகலுக்குப் பழகலாமென்று சொம்பில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, தட்டில் வைத்து, காப்பை உள்ளே இறக்கினேன். வழிந்த தண்ணீரை மருந்து கிளாஸில் அளந்தேன். இந்த எடைக்குத் தங்கமென்றால் இரண்டு மில்லிக்குச் சற்று மேல் இருக்கும். பித்தளைகூட ஐந்தைத் தாண்டாது. பதினாறு இருந்தது.

மறுபடி செய்தேன். அதே பதினாறு.

பின்னால் நின்றிருந்த அம்மா கதவைச் சாத்தினாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"உள்ள அரக்குடி. தங்கம் மூணு பவுனுதான். உங்க அப்பாவுக்கே தெரியாது. வாயத் தொறந்தே, கல்யாணம் நின்னுரும்."

"அவங்களுக்குத் தெரிஞ்சுட்டா?"

"தராசே காட்டல. உன்னாட்டம் சொம்புல போட்டா பாக்கப் போறாங்க?"

காப்பைத் துடைத்துக் கொடுத்தேன். மாப்பிள்ளை அரியலூரில் சயின்ஸ் வாத்தியார் என்பதை அம்மாவுக்கு நினைவுபடுத்த எனக்குத் தைரியம் வரவில்லை.