இடது முன்சக்கரத்துக்கு ஒரு பெயர்

கார் வாங்கிய அன்று என் மனைவி கோகிலவாணி அதன் இடது பின்கதவில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்தாள். முகம் அங்கேயே தங்கிவிட்டது. மெரூன் பெயிண்டுக்கு அப்படி ஒரு குணம் உண்டு என்று ஷோரூமில் முன்பே சொல்லியிருந்தார்கள். நாங்கள்தான் காதில் வாங்கவில்லை.

பெரிய தொந்தரவு ஏதும் இல்லை. தினமும் காலையில் காரைத் துடைப்பேன். அந்தக் கதவுக்கு மட்டும் மெத்தென்ற துணி. அடுக்களையில் இருக்கும் கோகிலவாணி, "போதுமுங்க, கூசுது" என்பாள்.

பிறகு குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டினார்கள். ஊரையே தோண்டினார்கள். மழையும் சேர்ந்துகொண்டது. இடது முன்சக்கரம் சேற்றையும் பொடிக்கல்லையும் வாரிப் பின்கதவில் அடித்தது. முதல் நாள் நெற்றியில் கடுகளவு பெயிண்ட் பெயர்ந்தது. அன்று மதியம் ரசத்தில் உப்பு இல்லை. கேட்டேன்.

"உப்புன்னா என்னங்க?" என்றாள்.

இரண்டாவது புள்ளி விழுந்த நாளில் அவளுடைய அம்மாவின் பெயர் போனது. காரை எடுக்காமல் வீட்டிலேயே நிறுத்திப் பார்த்தேன். நின்ற சக்கரமே ஒரு கல்லை வாரி அடித்தது. மூன்றாவது புள்ளி அப்படித்தான் விழுந்தது. அதில் பால் பூத்துக்குப் போகும் வழி போனது. அவள் இதற்கெல்லாம் வருத்தப்படவில்லை. வருத்தப்பட வேண்டும் என்பதும் ஏதோ ஒரு புள்ளியோடு போயிருக்கலாம்.

கதவின் முன் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். புள்ளிகள் நெற்றியிலிருந்து கண்ணை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன. அடுத்தது நான்தான் என்று பட்டது. முப்பத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு அவள் என்னைப் பார்த்து விழிப்பாள்.

மறுநாள் சக்கரத்துக்குப் பின்னால் சேறு தடுக்கும் மட்ஃபிளாப் மாட்டக் கிளம்பினேன். சேறு தெறிக்கக் கூடாது என்பதால் காரை ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டு போனேன். கடை நாலு கிலோமீட்டர். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று நிறையப் பேர் தள்ளிக்கொண்டுதான் போனார்கள்.

கடையில் குப்புராஜ் என்ற ஃபிட்டர் இருந்தார். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, சக்கரத்துக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தார்.

"ஓட்டை போட வேண்டாமுங்க. கம்பெனி ஸ்குரூவே இருக்குது. அதுலயே மாட்டிக்கலாம்."

எனக்கு நிம்மதியாக இருந்தது.

"யார் பேருங்க எழுதறது?"

"எதுல?"

"ஃபிளாப்புலங்க."

லாரியில் எழுதுவார்கள், ஆட்டோவில் எழுதுவார்கள். காருக்கு எதற்குப் பெயர் என்று கேட்டேன்.

"பேரில்லாத ஃபிளாப்புல சேறு நிக்காதுங்க. யார் பேரு இருக்குதோ அவுங்க வாங்கிக்கோணும்."

"வாங்கிக்கிட்டா?"

"வாங்கிக்கிட்டதுதானுங்க."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் கடையில் இருந்த மற்ற வாடிக்கையாளர்கள் தலையாட்டினார்கள். அதனால் நானும் ஆட்டினேன்.

"எல்லாரும் புள்ளைங்க பேருதான் எழுதுவாங்க" என்றார் குப்புராஜ்.

எங்களுக்கு ஒரே மகள். ஓசூரில் இருக்கிறாள். அவள் பெயரைச் சேற்றுக்குக் கொடுப்பதா?

"சாமி பேரு எழுதலாமா?"

"சாமி பேரெல்லாம் லாரிக்காரங்களே எடுத்துக்கிட்டாங்க. இனி பாக்கியில்லீங்க."

கொஞ்சம் யோசித்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "பங்காளி பேரு?" என்றேன்.

"நெறையப் பேரு அதைத்தான் கேக்கறாங்க. ஆனா உங்க பேரைய அவரு ஏற்கெனவே எழுதியிருப்பாருங்க. ரெண்டும் நேர்ல வந்தா கட்டிப் பொரளும்."

என் பங்காளி எழுதியிருப்பான். அவன் குணம் எனக்குத் தெரியும்.

"அப்ப என் பேரையே எழுதிடுங்க. நாச்சிமுத்து."

"நீங்க இருக்கறீங்களா?"

"உங்க முன்னாலதானே நிக்கறேன்."

"அதைய உள்ளார போயி எழுதி வாங்கீட்டு வந்துருங்க."

கடைக்குப் பின்னால் ஒரு நடை இருந்தது. பார்த்தால் எட்டடிதான். நடக்க நடக்க நீண்டுகொண்டே போனது. இரண்டு பக்கமும் பழைய மட்ஃபிளாப்புகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். சில பெயர்களைச் சேறு மூடியிருந்தது. ஒன்று என்னிடம் மணி கேட்டது. பத்தே கால் என்றேன். நன்றி சொன்னது.

கடைசியில் ஒரு மேஜை. அதன் பின்னால் ஓர் அம்மா முல்லைப்பூ தொடுத்துக்கொண்டிருந்தார். தொடுப்பதை நிறுத்தாமல் ஒரு படிவத்தை நீட்டினார். பெயர், அது எத்தனை நாளாகப் புழக்கத்தில் இருக்கிறது, வீட்டில் அந்தப் பெயரைக் கடைசியாக யார் சொன்னார்கள். இதில் கொஞ்சம் மாட்டிக்கொண்டேன். கோகிலவாணி ஒரு நாளும் என் பெயரைச் சொன்னதில்லை. 'ஏனுங்க'தான். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன். கடைசிக் கேள்வி, இந்தப் பெயர் இல்லாவிட்டால் யாருக்குச் சிரமம் என்பது. மனைவிக்கு என்று எழுதினேன்.

அந்த அம்மா படித்துப் பார்த்தார்.

"ஒருத்தருக்குத்தானே?"

"ஆமாங்க."

"சமாளிச்சுக்குவாங்க. கையெழுத்துப் போடுங்க."

"என் பேரு போனா அவளுக்கு என்னைத் தெரியாமப் போயிருமா?"

"அது எங்க செக்‌ஷன் இல்லீங்க."

"எந்த செக்‌ஷன்?"

"பூ வாடுதுங்க. சீக்கிரம் போடுங்க."

போட்டேன். இதுவரை நான் போட்டதிலேயே அதுதான் நல்ல கையெழுத்து. திரும்பி வரும்போது நடை எட்டடிதான் இருந்தது.

குப்புராஜ் வெள்ளைப் பெயிண்டில் குண்டு குண்டாக எழுதி, சக்கரத்துக்குப் பின்னால் வைத்து மூன்று ஸ்குரூ முடுக்கினார். என் பெயர் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கியது.

"இனி ஓட்டியே போங்க" என்றார்.

ஓட்டினேன். முதல் பள்ளத்தில் சேறு ஃபிளாப்பில் அடிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு வலிக்கவில்லை. கொஞ்சம் ஈரமாக மட்டும் இருந்தது. ஊரில் உள்ள பள்ளத்தையெல்லாம் கடந்து எங்கள் தெருவுக்கு வந்தேன். இறங்கிப் பின்கதவைப் பார்த்தேன். புதிதாக ஒரு புள்ளிகூட இல்லை. பழைய மூன்றும் தூர்ந்துபோயிருந்தன. அவள் முகம் முழுசாக, வாங்கிய அன்றுபோலவே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபிளாப்பைப் பார்க்கத் தோன்றவில்லை.

கோகிலவாணி வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். "உப்பைக் கடைசியில போடு சாமி. அப்பத்தான் பருப்பு வேகும்" என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். போனை வைத்தாள். காரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கடையிலிருந்து வர்றீங்களா? அவரு எங்கீங்க?"

என் பெயரைச் சொல்லப் பார்த்தேன். அது ஃபிளாப்போடு போயிருந்தது.

"தெரியலைங்க" என்றேன். அது உண்மைதான்.

"பால் வாங்கப் போனாரோ என்னமோ. வந்துருவாருங்க. உள்ளார வந்து உக்காருங்க."

நாற்காலியைப் போட்டாள். காப்பி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்தேன்.

"கை பழக்கத்துல அவருக்குப் போடற மாதிரியே சர்க்கரை கம்மியாப் போட்டுட்டனுங்க. உங்களுக்குப் பரவால்லீங்களா?"

"சரியா இருக்குங்க."

அவள் வாசல்படியில் நின்று தெருவை எட்டிப் பார்த்தாள். மழை வலுத்துக்கொண்டிருந்தது.

"இந்தச் சேத்துல எங்க மாட்டிக்கிட்டாரோ. குடை வேற எடுக்கலீங்க" என்றாள்.

அவர் நல்லபடியாக வந்து சேர வேண்டுமே என்று எனக்கும் கவலையாக இருந்தது.